சுவரை விட்டு நகர்ந்த மீட்டர் பெட்டி

சரவணா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ நலமாக இருக்க விரும்புகிறாயா என்பதிலேயே எனக்கு இன்றைக்குச் சந்தேகம் வந்துவிட்டதால், அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் உன் அப்பாவோடு போனில் பேசினாய். எப்போதும் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திப் பேசுகிற மனிதர், அன்றைக்குச் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். முழங்கால் வலி என்று கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவர். எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. மாடியில் காய்கிற மிளகாயை அள்ளுகிற சாக்கில் பின்னாலேயே போனேன். "ஞாயித்துக்கிழமை நான் வரேன். மெயினை ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேரும் சேந்து டைட் பண்ணிடலாம். அம்மாகிட்ட மூச்சு விடாத" என்று அவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. நான் இருமினேன். உடனே, "அப்புறம், சாப்டியாப்பா?" என்று ஆரம்பித்தார். மணி ஐந்துகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறார்?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "சரிம்மா, சரிம்மா, பாத்துக்கறேம்மா" என்பாய். நீ ஒரு தடவை "சரிம்மா" என்றால் நம்பலாம். இரண்டு தடவை சொன்னால் நான் சொல்வதைக் கேட்கவில்லை என்று அர்த்தம். மூன்று தடவை சொன்னால் நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யப் போகிறாய் என்று அர்த்தம். இன்ஜினியரிங் சேர்ந்தபோதும் அப்படித்தான், ரேவதியைப் பற்றி நான் முதன்முதலில் கேட்டபோதும் அப்படித்தான். (அதில் நீ செய்தது சரியாகப் போயிற்று. நல்ல பெண். அது வேறு கதை.) அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே நான் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் மாடிக்குப் போய், "ஆஹா, என்ன காத்து, நெம்மேலியில இப்படி ஒரு வீடு வாடகைக்குக் கெடைக்குமா" என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே வீட்டைச் சுற்றி வந்தேன். கடலைப் பார்த்து என்ன ஆகப் போகிறது, அது எங்கேயும் போகாது. வீட்டுக்காரர்கள் காட்டாத பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். போஸ்டிலிருந்து வருகிற சர்வீஸ் ஒயர் இரும்புப் பைப்பில் இறங்கி, வெளிச்சுவரில் இருக்கிற தகரப் பெட்டிக்குள் போகிறது இல்லையா, அந்தப் பெட்டியின் மேல்பக்கம் சுவரை விட்டு ஒரு விரல் நுழைகிற அளவுக்கு நகர்ந்திருந்தது. அடியில் துரு வழிந்து, சுண்ணாம்பில் காவிக் கோடு இழுத்திருந்தது. பைப்பைச் சுவரோடு பிடித்திருக்க வேண்டிய க்ளாம்ப் ஒற்றை ஆணியில் தொங்கியது. உன் வீட்டு ஓனரிடம் கேட்டேன். பட்டையாக விபூதி பூசிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். "அது ஒண்ணுமில்லம்மா, சின்ன வேல. ஒரு ஸ்குரு டைட் பண்ணா போதும். தம்பி இன்ஜினியர்தானே" என்றார். சின்ன வேலை என்றால் அவரே ஏன் செய்யவில்லை? வெள்ளையடிக்க ஆள் விட்டவர், அந்தப் பெட்டியைச் சுற்றி மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறாரே, ஏன்? அடிக்க வந்தவன் கிட்டே போகப் பயந்திருக்கிறான். அவனுக்கு இருந்த பயம் என் பிள்ளைக்கும் என் புருஷனுக்கும் இல்லை.

அம்மாவுக்குச் சந்தேக புத்தி என்று நீயும் உன் அப்பாவும் என்னைக் கேலி செய்வது புதிதல்ல. பால்காரன் பாத்திரத்தை ஆட்டி ஊற்றினால் சந்தேகம், டாக்டர் சிரித்தபடி மாத்திரை எழுதினால் சந்தேகம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று உன் அப்பா என் பக்கம் திரும்பாமலேயே சொல்வார். ஆமாம், எனக்குச் சந்தேக புத்திதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் சந்தேகம் ஒரு தடவை முழுக்க முழுக்கச் சரியாகவும், முழுக்க முழுக்கத் தப்பாகவும் இருந்தது. உனக்கு அந்தக் கதையின் பாதிதான் தெரியும். மீதியை நீ ஹாஸ்டலில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. அப்புறம் உன் அப்பா சொல்லவிடவில்லை.

நாம் புதுப்பட்டினத்தில் லோன் போட்டுக் கட்டிய இந்த வீட்டுக்கு வந்த புதிதில், துணி காயப்போட இடமில்லை. கொல்லைப்பக்கம் ஒரு தென்னை இருந்தது. எதிரே வெளிச்சுவரில் சர்வீஸ் பைப். நான்தான் கேட்டேன், உன் அப்பா பைப்புக்கும் தென்னைக்கும் இடையே கெட்டிக் கம்பியாக ஒரு கொடி இழுத்துக் கட்டினார். நம் தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அப்படித்தான். பைப் என்றால் அது கொடி கட்டுவதற்கென்றே அரசாங்கம் நட்டுக் கொடுத்தது என்கிற நினைப்பு எல்லாருக்கும். கடற்கரைத் தென்னை சும்மா நிற்குமா? ஐப்பசி கார்த்திகையில் காற்று வந்தால் தலைவிரித்து ஆடும். அது ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் கம்பி வழியாகப் பைப்பை இழுத்து, பைப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிடித்திருந்த ஆணிகள் சுவரில் அடித்த மரக்கட்டைக்குள் இருந்தன. கட்டை உப்புக் காற்றில் உளுத்துக்கொண்டிருந்தது. அது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நான் வேறு ஒரு திருடனைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஏழுமலையைத்தான். இன்றைக்கு உனக்கு அவன் ஏழுமலை மாமா. அன்றைக்கு எனக்கு அவன் வேன் ஓட்டுகிற, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து பீடி பிடிக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். அவன் வீட்டில் கிரைண்டர் ஓடினால் நம் வீட்டு பல்ப் மங்கும். முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டருக்கு முன்னால் போய் நின்றேன். அந்தக் காலத்து மீட்டரில் சக்கரம் ஒன்று சுற்றும், அதில் சிவப்பு அடையாளம் ஒன்று வந்து வந்து போகும், ஞாபகம் இருக்கிறதா? ஃபேன் இல்லை, லைட் இல்லை, ஃபிரிட்ஜைக்கூடப் பிடுங்கியாயிற்று. ஆனாலும் அந்தச் சிவப்பு மெதுவாக, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி வந்துவிட்டுப் போயிற்று. உள்ளே போய் மெயினையே அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் சுற்றியது. ஆக, யாரோ மெயினுக்கு முன்னாலேயே கைவைத்திருக்கிறார்கள். எனக்கு வேறு சாட்சி எதற்கு? காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் தூங்கினேனா என்றே தெரியாது. கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்ப்பது, அரிசி புடைப்பது, கீரை ஆய்வது என்று எல்லா வேலையையும் அந்தப் பெட்டி தெரிகிற இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு மழை நாளில் ஈரப் புடவையைக் கொடியில் போட்டபோது கையில் சுருக்கென்று ஏறியது. எறும்பு கடித்த மாதிரி. "பார்த்தீங்களா, அந்தப் பாவி ஒயரைச் சுரண்டி விட்டிருக்கான்" என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஈரக் கை, மழை நேரம், அப்படித்தான் இருக்கும்" என்றார். இன்னொரு நாள் நான் எட்டிப் பார்க்கிறேன், ஏழுமலை நம் காம்பவுண்டுக்குள்ளேயே வந்து பெட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் துடைப்பத்தோடு வெளியே வந்து நின்றேன். முறைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், வந்த வழியே போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி கொடுத்தனுப்புகிற மீன் குழம்பைத் திருப்பி அனுப்பினேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பெட்டி சுவரை விட்டு நன்றாகவே நகர்ந்துவிட்டது. பெட்டி நகர்ந்த நகர்வில் மீட்டரின் சீல் கம்பி அறுந்து தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் உன் அப்பாவுக்கு வேர்த்தது. "ஈ.பி. ஆபீஸ்ல சொல்லலாங்க" என்றேன். ஏழுமலையைக் கையும் களவுமாகப் பிடிக்க அதுதான் வழி என்று என் கணக்கு. அவர், "உனக்கென்ன பைத்தியமா? சீல் அறுந்திருக்கு. நாமதான் அறுத்தோம்னு எழுதிட்டா? கரண்ட்டுத் திருடன்னு பேர் வாங்கிட்டு நாளைக்கு ஆபீஸ்ல எந்த முகத்த வெச்சுக்கிட்டு உக்காருவேன்?" என்றார். யோசித்துப் பார், சரவணா. நான் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர், தன்னை ஊரார் திருடன் என்று நினைப்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சந்தேகப்பட ஒரு ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு சாப்பிட்டுத் தெருவே படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து, உன் அப்பா காரியத்தில் இறங்கினார். யார் கண்ணிலும் படக் கூடாது என்று. உள்ளே போய் மெயினை அணைத்தார். "அணைச்சாச்சு, இனிமே பயம் இல்ல" என்று எனக்கு வேறு தைரியம் சொன்னார். மெயினை அணைத்த பிறகும் அந்தச் சக்கரம் சுற்றியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை பார். அதைத் திருட்டு என்று முடிவு கட்டிவிட்டேன் இல்லையா, முடிவு கட்டிய பிறகு புத்தி வேலை செய்வதில்லை. இரும்பு ஸ்டூலை ஈர மண்ணில் போட்டு ஏறினார். இடது கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டார். ஆணி அடிக்கச் சின்ன மரக்கட்டை ஒன்று கேட்டார், எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் ஸ்டூல் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. பல் கிட்டித்திருந்தது, உடம்பு மட்டும் லேசாக நடுங்கியது. "என்னங்க?" என்றேன். ஓடிப் போய் அவர் காலைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் காம்பவுண்டுச் சுவர் மேலிருந்து, "யக்கா, தொடாத! கரண்ட்டு கீது! தொடாதக்கா!" என்று ஒரு கத்தல். ஏழுமலை சுவரைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அவன் மேல் சந்தேகம்தான் வந்தது. என் புருஷன் சாகிறார், இவன் ஏன் என்னைத் தொட வேண்டாம் என்கிறான்? பழி தீர்த்துக்கொள்கிறானா? அவன் சொன்னதை மீறி மறுபடியும் கையை நீட்டினேன். அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். மண்ணில் மல்லாக்க விழுந்தேன். "பாவி, என் புருஷனக் கொல்றியே" என்று அலறினேன். அவன் திரும்பியே பார்க்கவில்லை. கொல்லை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, அதன் காலால் உன் அப்பாவின் வலது கையை ஓங்கித் தட்டினான். முதல் தட்டில் விடவில்லை. இன்னொரு தடவை தட்டினான். கை விட்டது. மனிதர் ஸ்டூலோடு சாய்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதே. ஏழுமலை அவர் நெஞ்சை அழுத்தி அழுத்தி, "சார், சார், மூச்சு வுடு சார்" என்று கத்தினான். அப்புறம் ஒரு இருமல் வந்தது. அந்த இருமல் சத்தத்தைவிட நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை, உன் முதல் அழுகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் வேனிலேயே செங்கல்பட்டுக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டு போன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஏழுமலையே பேச்சை எடுத்தான். "நீ மீட்டரயும் என்னியும் மாத்தி மாத்திப் பாத்துகினு இருந்தியே, எனுக்கு அது தெரியாதாக்கா? பொட்டி சாஞ்சிகினு வருது, ஒயரு தகரத்துல ஒரசிகினு கீதுன்னு சொல்லலான்னுதான் அன்னிக்கு வந்தேன். நீ மொறச்ச மொறப்புல, இன்னாத்துக்கு வம்புன்னு அப்டியே போய்ட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னான். எனக்கு அந்தப் பெஞ்சுக்குள்ளேயே புதைந்து போகலாம் என்று இருந்தது. அவன் பேசாமல் திரும்பிப் போனதற்கு நான் காரணம். அவன் பேசியிருந்தால் உன் அப்பா ஸ்டூலில் ஏறியே இருக்க மாட்டார்.

உன் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது அப்படித்தான். ஸ்டூல் சறுக்கி விழுந்தார் என்றுதான் உனக்குச் சொன்னோம். ஆபீஸிலும் அதையே சொன்னார், சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி இப்போது அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் என் பயம். "அன்னிக்கு ஸ்டூலு சரியில்லடி" என்று போன வாரம்கூடச் சொன்னார். இல்லாவிட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு, மெயினை ஆஃப் பண்ணிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பெற்ற பிள்ளைக்கு யாராவது சொல்வார்களா?

நன்றாகக் கேட்டுக்கொள். மெயின் சுவிட்ச் உன் வீட்டுக்குள்ளே போகிற கரண்ட்டைத்தான் நிறுத்தும். போஸ்டிலிருந்து பைப்பில் இறங்கி, மீட்டருக்குள் நுழைந்து, ஃபியூஸைத் தாண்டி மெயின் வரைக்கும் வருகிற ஒயரில் எப்போதும் உயிர் இருக்கும். நீ வீட்டுக்குள் எதை அணைத்தாலும் அதற்குத் தெரியாது. பெட்டி ஆடி ஆடித் தகர விளிம்பு அந்த ஒயரின் தோலை அறுத்திருந்தால், பெட்டி, பைப், பைப்பில் கட்டின கம்பி எல்லாம் கரண்ட்டுதான். நம் வீட்டில் மீட்டரைத் தாண்டி மெயினுக்குப் போகிற ஒயரில் தோல் போயிருந்தது, மீட்டரைச் சுற்றவிட்டது அதுதான். ஈரப் புடவையில் என் கையைக் கடித்ததும் அதுதான். திருடன் இருந்தது வாஸ்தவம். அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். கிரைண்டருக்குப் பல்ப் மங்கியதுகூட, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போஸ்டில் இருந்த ஒயர் முறுக்கு தளர்ந்திருந்ததால்தானாம். ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஆணியைச் சந்தேகப்படு. எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, உனக்கு நான் இருக்கிறேன்.

அதற்கப்புறம் ஈ.பி.யிலிருந்து வந்தார்கள். நான் சீலைப் பற்றி என்ன கேட்பார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்த ஒயர்மேன் அறுந்த கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்துல பொட்டி எறங்குனா இது அறுந்துடும்மா. ஒரு வார்த்த முன்னாடியே சொல்லிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்ததில்தான் என் தாலி அன்றைக்கு ஊசலாடியது. முதலில் போஸ்டில் ஏணி போட்டு நம் இணைப்பைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டு, இருக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் கைவைத்தார்கள். பெட்டியை முழுசாக இறக்கி, உளுத்த கட்டைகளைத் தோண்டி எடுத்துச் சிமெண்ட் வைத்து, அது காய்கிற வரை நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தோம். புது போல்ட், பைப்புக்குப் புது க்ளாம்ப், ஒயர் நுழைகிற ஓட்டையில் தகரம் அறுக்காமல் ரப்பர், துருப்பிடித்த எர்த் கம்பிக்குப் பதில் புதிதாக எர்த். எல்லாம் முடிந்து சீல் வைத்த பிறகுதான் மறுபடி மேலே போய் இணைத்தார்கள். "சின்ன வேலை" என்று உன் வீட்டு ஓனர் சொன்னது இதைத்தான். கொடியை நான் அன்றைக்கே அறுத்து எறிந்தேன். இரண்டு கல்தூண் நட்டு நைலான் கயிறு கட்டினேன். இப்போதும் தெருவில் யார் வீட்டுப் பைப்பிலாவது கம்பியைப் பார்த்தால் உள்ளே போய்ச் சண்டை போட்டு அவிழ்க்க வைக்கிறேன். எனக்குக் கிறுக்கு என்று சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம், மீதியை எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது உன் அப்பா மெதுவாக, "ஞாயித்துக்கிழம மாமல்லபுரம் போய்ப் பெருமாளச் சேவிச்சுட்டு, அப்படியே சரவணனையும் பாத்துட்டு வரேன்" என்றார். உன் கல்யாணத்தில்கூடக் கோயிலுக்குள் வராமல் மண்டப வாசலில் நின்று அரசியல் பேசியவருக்குப் பெருமாள் ஞாபகம் வந்திருக்கிறது. அவர் தூங்கிய பிறகு பையைப் பார்த்தேன். வேஷ்டிக்கு அடியில், துண்டில் சுற்றி, ஒரு ஸ்குரு டிரைவர், ஒரு டெஸ்டர், ஒரு சுருள் இன்சுலேஷன் டேப். பெருமாளுக்கு அலங்காரம் பண்ணப் போகிறார் போல. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இந்த மனிதரை ஒரு தடவை மண்ணிலிருந்து அள்ளி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னொரு தடவை, அதுவும் உன்னோடு சேர்த்து, என்னால் முடியாதுடா. எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு, இதுதான் உண்மை.

அதனால் உன்னை நம்பாமல் ஒரு காரியம் செய்தேன். புதன்கிழமையே ரேவதிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "ஐயோ அத்தை" என்றாள், அழுதாள், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு உன் ஓனரிடம் போய்ச் சண்டை போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். உன்னிடம் மூச்சு விடவில்லை. (நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒளித்தால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உங்களுக்கு ஒளிக்கக் கூடாதா?) இன்றைக்குக் காலையில், நீ ஆபீஸுக்குக் கிளம்பிப் போன பிறகு ஆட்கள் வந்தார்கள். ரேவதி சின்னப் பெண், "ஆச்சு அத்தை" என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவாளோ என்று எனக்கு அதிலும் சந்தேகம். அதனால் ஏழுமலையை அனுப்பினேன். வேனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனான். உலகத்திலேயே நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் அவன்தான். மத்தியானம் போன் பண்ணினான்: "யக்கா, போஸ்ட்டுல கயட்டிட்டுத்தான் கை வெச்சாங்க. நான் பாத்துகினேதான் இருந்தேன். பழைய கட்டயெல்லாம் மாவாக் கொட்டுது. ஒயரு ஒரு எடத்துல தோலு போயி பளபளன்னு கீது. உம் புள்ள கை வெச்சிருந்தான்னா..." உட்கார்ந்துவிட்டேன். புதுக் கட்டுமானம், புது போல்ட், ஒயரும் புதிது. சிமெண்ட் காய்கிற வரை இன்றைக்கும் நாளைக்கும் உங்களுக்குக் கரண்ட் இருக்காது, அதற்கு ரேவதி உன்னிடம் ஏதோ ஒரு பொய் சொல்லி, உன்னை அந்தச் சுவர்ப்பக்கம் போகவிடாமலும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இணைத்துவிட்டுப் போவார்கள். அவளைத் திட்டாதே.

பையிலிருந்த ஸ்குரு டிரைவரையும் டெஸ்டரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில், அதே துண்டில் சுற்றி இந்தக் கடிதத்தை வைக்கப் போகிறேன். உன் அப்பா உன் வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று ரேவதியைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஆக நீ இதைப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கும், கரண்ட் வந்திருக்கும், அவரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்துவிட்டது, சரவணா. செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? இதைப் படித்து முடித்ததும், சரியாகத்தான் பிடித்திருக்கிறார்களா என்று வெளியே போய் அந்தப் பெட்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கலாம் என்று இப்போது எழுந்திருக்கிறாய்.

உட்கார். அவரையும் உட்காரச் சொல்.

அம்மா